மதர்போர்டு சிப்செட் ஏன் கொதிக்கிறது? சொந்தமாக அசெம்பிள் செய்த கணினியைக் காப்பாற்றுவது எப்படி?

சிபியு 65 டிகிரி. கிராஃபிக்ஸ் கார்டு 72 டிகிரி. இரண்டுமே நார்மல்தான். ஆனாலும் கம்ப்யூட்டர் திடீரென உறைந்து நிற்கிறது. மீட்டிங் நடுவே யுஎஸ்பி ஹெட்செட் துண்டிக்கிறது. பழைய போட்டோக்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க் சில நேரம் கண்ணிலேயே படுவதில்லை. விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் பண்ணியாச்சு, ரேமைக் கழற்றி மாட்டியாச்சு, ஒன்றும் சரியாகவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் பலர் அவசரப்பட்டு எஸ்எஸ்டியையோ, பவர் சப்ளையையோ, சமயத்தில் கிராஃபிக்ஸ் கார்டையோ மாற்றிப் பல ஆயிரம் ரூபாயை இழக்கிறார்கள். மதர்போர்டின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்ன உலோகத் தகட்டுக்கு அடியில் இருக்கும் சிப்செட்டை யாரும் பார்ப்பதில்லை.

பொம்மனஹள்ளி, ஹொங்கசந்திரா, பேகூர் சாலைப் பக்கம் ஒற்றை அறையிலோ, பிஜியிலோ தங்கி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களில் பலருக்கு அந்த ஒரு கணினிதான் அலுவலகம், சினிமா தியேட்டர், கேம் மையம் எல்லாம். அது படுத்துவிட்டால் வேலையும் படுத்துவிடும். சிப்செட் சூட்டை அடையாளம் காண்பது எப்படி, எந்த வரிசையில் சரிசெய்வது, எப்போது கை வைக்கக் கூடாது என்று பார்ப்போம்.

சிப்செட் என்றால் என்ன?

மதர்போர்டில் சிபியு நேரடியாகப் பேசுவது சில பாகங்களிடம் மட்டும்தான். ரேம், முதல் கிராஃபிக்ஸ் ஸ்லாட், பெரும்பாலும் ஒரு எம்.2 எஸ்எஸ்டி ஸ்லாட். மற்றவற்றில் பெரும்பகுதி, அதாவது சாட்டா ஹார்டு டிஸ்க்குகள், நிறைய யுஎஸ்பி போர்ட்டுகள், லேன், வைஃபை, இரண்டாவது, மூன்றாவது எம்.2 ஸ்லாட்டுகள் எல்லாம் சிப்செட் வழியாகத்தான் சிபியுவைச் சென்றடையும். சில்க் போர்டு ஜங்ஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அடைத்தால் ஒரு பாதை மட்டுமல்ல, பல பாதைகள் ஒரே நேரத்தில் நிற்கும்.

முன்பு இது இரண்டு சில்லுகளாக இருந்தது. 'நார்த்பிரிட்ஜ்' ரேமையும் கிராஃபிக்ஸையும் கவனித்தது. 'சவுத்பிரிட்ஜ்' மெதுவான சாதனங்களைக் கவனித்தது. 2003-இல் வந்த ஏஎம்டி அத்லான் 64 ரேமைக் கட்டுப்படுத்தும் வேலையை சிபியுவுக்குள் கொண்டுவந்தது. இன்டெல் அதை 2008-இல் முதல் கோர் ஐ7 மூலம் செய்தது. அதன்பின் நார்த்பிரிட்ஜ் மெல்ல மறைந்துவிட்டது. இன்று சிப்செட் என்று நாம் சொல்வது பழைய சவுத்பிரிட்ஜின் வாரிசு. இன்டெல் போர்டுகளில் அதை 'பிசிஹெச்' என்ற பெயரில் பார்ப்பீர்கள்.

பெயர் மட்டும் மாறவில்லை, இடமும் மாறிவிட்டது. பழைய நார்த்பிரிட்ஜ் சிபியு ஃபேனின் காற்று படும் தூரத்தில் இருந்தது. இன்றைய சிப்செட் போர்டின் வலது கீழ் மூலையில், கிராஃபிக்ஸ் கார்டின் நிழலில் இருக்கிறது. சூட்டுப் பிரச்சினையில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

சில வாட்தானே, ஏன் இவ்வளவு சூடு?

நியாயமான கேள்வி. இன்டெல் இசட்790 சிப்செட்டின் வெப்ப மதிப்பு 6 வாட். ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு 200 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4090 போன்றது 450 வாட் வரை போகும். அதன் முன்னால் 6 வாட் ஒன்றுமே இல்லை.

ஆனால் உங்கள் வீட்டு 9 வாட் எல்இடி பல்பின் அடிப்பகுதியை, அரைமணி நேரம் எரிந்தபிறகு தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கை வைக்க முடியாது. வாட் குறைவாக இருந்தாலும், அந்தச் சூடு வெளியேற வழி இல்லையென்றால் வெப்பநிலை ஏறிக்கொண்டேதான் போகும். சிபியுவுக்குப் பெரிய ஹீட்சிங்க்கும் ஃபேனும் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டுக்கு இரண்டு, மூன்று ஃபேன்கள். சிப்செட்டுக்கு இருப்பது பெரும்பாலும் ஒரு தட்டையான அலுமினியத் துண்டு. அதன் மேல் அழகுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி வேறு.

அதற்குச் சற்று மேலே கிராஃபிக்ஸ் கார்டு உட்கார்ந்து, தன் சூடான காற்றைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. சிப்செட் தன் 6 வாட்டால் மட்டும் சூடாவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் 300 வாட்டிலும் சேர்ந்து வேகிறது. அதனால் இதை சிப்செட்டின் கோளாறு என்று பார்ப்பதைவிடக் காற்றோட்டக் கோளாறு என்று பார்த்தால், பெரும்பாலான நேரங்களில் விடை சீக்கிரம் கிடைக்கும்.

2019-இல் என்ன நடந்தது?

சிப்செட் சூடு பரவலாகப் பேசப்பட்டது ஏஎம்டி எக்ஸ்570 வந்த சமயத்தில். 2019 ஜூலையில் ரைசன் 3000 சிபியுக்களுடன் வெளியான இந்த சிப்செட், வீட்டுக் கணினிகளுக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0-ஐக் கொண்டுவந்தது. முந்தைய தலைமுறையைவிட டேட்டா வேகம் இருமடங்கு. அதற்கு விலையாக சிப்செட்டின் வெப்பம் சுமார் 11 வாட்டுக்கு ஏறியது. அதற்கு முந்தைய எக்ஸ்470-இல் இது ஏறக்குறைய பாதிதான்.

விளைவு? எக்ஸ்570 போர்டுகளில் பெரும்பாலானவற்றில் சிப்செட் மீது ஒரு குட்டி ஃபேன் வந்து உட்கார்ந்தது. அதுவும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே. கார்டு பெரிதாக இருந்தால் அந்த ஃபேன் காற்றை இழுக்கும் வழியே அடைபடும். 2004 வாக்கில் என்விடியா என்ஃபோர்ஸ் 4 போர்டுகளில் இதே போன்ற சின்ன ஃபேன்கள் சத்தம் போட்டு, தூசி அடைத்து, நின்றுபோன அனுபவம் பலருக்கு மறக்கவில்லை.

2020 ஜூனில் வந்த பி550, சிபியுவிலிருந்து நேராக வரும் ஸ்லாட்டுகளுக்கு மட்டும் 4.0 வேகம் கொடுத்து, சிப்செட் வழிப் பாதைகளை 3.0-இல் நிறுத்தியது. ஃபேன் தேவைப்படவில்லை. 2021-இல் பெரிய ஹீட்சிங்க்குடன், ஃபேன் இல்லாத எக்ஸ்570எஸ் போர்டுகள் வந்தன. 2022-இல் வந்த எக்ஸ்670 ஒரு சில்லுக்குப் பதில் இரண்டு சில்லுகளை வைத்துச் சூட்டைப் பரப்பிவிட்டது.

சூடு சில்லை என்ன செய்யும் என்பதற்கு இன்னும் பழைய பாடம் ஒன்று உண்டு. 2008 ஜூலையில் என்விடியா, லேப்டாப்களில் இருந்த தன் சில கிராஃபிக்ஸ் சில்லுகளும் சிப்செட்டுகளும் வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாவதாக ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சில்லைப் பலகையோடு இணைக்கும் பொருள் பலவீனமாக இருந்ததும், லேப்டாப்பின் வெப்பச் சூழலும் சேர்ந்த விளைவு அது. நிலையான சூட்டைவிட, சூடாகி ஆறி, மறுபடி சூடாகும் சுழற்சிதான் இணைப்புகளை அதிகம் களைப்படைய வைக்கும்.

பொம்மனஹள்ளி அறையில் என்ன சிக்கல்?

"பெங்களூர்தானே, ஜில்லுன்னு இருக்குமே" என்று ஊரில் சொல்வார்கள். இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும் கதை. 2016 ஏப்ரலில் நகரத்தில் 39.2 டிகிரி பதிவானது. 2024 ஏப்ரல் இறுதியிலும் 38 டிகிரியைத் தாண்டியது.

சிப்செட் வெப்பநிலையை ஒரு எளிய கூட்டல் கணக்காகப் பாருங்கள். அறை வெப்பநிலையோடு, கேபினட்டுக்குள் கூடும் சூட்டைச் சேர்க்க வேண்டும். டிசம்பரில் அறை 23 டிகிரி இருக்கும்போது சிப்செட் 60 காட்டினால், அதே வேலைக்கு ஏப்ரலில் அறை 35 ஆகும்போது அது 72-ஐ ஒட்டி நிற்கும். கணினியில் எதுவும் கெட்டுப்போகவில்லை. பருவம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று பலர் யோசிக்காதது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும், அது தள்ளும் காற்று சூட்டைச் சுமக்கும் திறன் அந்த அளவுக்குக் குறையும். பெரிய பாதிப்பு இல்லை, ஆனால் எல்லையில் ஓடும் கணினிக்கு இதுவும் ஒரு சுமை.

இவற்றைவிடப் பெரிய காரணங்கள் அறைக்குள்ளேயே இருக்கின்றன. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் கான்கிரீட் கூரை பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரி இறக்கும். ஓசூர் சாலைப் பக்கம் ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். முழு வேலையில் 400 வாட் இழுக்கும் கணினி என்பது உண்மையில் 400 வாட் ரூம் ஹீட்டர்தான். இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் அறையில் சேரும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டரிங்கையோ, பெரிய டவுன்லோடையோ போட்டுவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, சேலத்துக்கோ மதுரைக்கோ பஸ் ஏறுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு நாள் மூடிய அறையில் கணினி தன் சூட்டையே திரும்பத் திரும்பச் சுவாசிக்கிறது.

எத்தனை டிகிரி வரை பரவாயில்லை?

போர்டுக்குப் போர்டு மாறும். ஆனாலும் பொதுவான வழிகாட்டியாக இதை வைத்துக்கொள்ளலாம்:

- சும்மா இருக்கும்போது 40 முதல் 60 டிகிரி: இயல்பு.
- கடுமையான வேலையில் 60 முதல் 75 டிகிரி: கவலைப்பட ஒன்றுமில்லை. எக்ஸ்570-இல் இது சகஜம்.
- 80 டிகிரியைத் தாண்டி அங்கேயே நின்றால்: காற்றோட்டத்தைக் கவனிக்க வேண்டிய நேரம்.
- 90-ஐ நெருங்கினால், அல்லது சும்மா இருக்கும்போதே 75-க்கு மேல் இருந்தால்: ஏதோ ஒன்று சரியில்லை.

தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் உச்ச வரம்பு பொதுவாக இதைவிட மேலே இருக்கும். ஆனால் வண்டியின் மீட்டரில் 160 வரை எண் இருக்கிறது என்பதற்காக தினமும் 160-இல் ஓட்ட மாட்டோம் அல்லவா?

சிப்செட்தான் காரணமா? கண்டுபிடிப்பது எப்படி?

முதல் வேலை, பேக்கப். டிஸ்க்குகள் காணாமல்போய்த் திரும்பி வரும் கணினியில், எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் ஃபைல்கள் சேதமாகும். வெப்பநிலையைத் தேடுவதற்கு முன், முக்கியமானதை எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ கிளவுடிலோ ஏற்றிவிடுங்கள்.

அடுத்து, அளவிடுங்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் சிப்செட் வெப்பநிலை வராது. ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் மதர்போர்டு பகுதியில் 'சிப்செட்' அல்லது 'பிசிஹெச்' என்ற வரியைப் பாருங்கள். பல போர்டுகளில் பயாஸிலேயே தெரியும். அங்கே ஏதாவது ஒரு வரியில் 127 டிகிரி என்றோ, மைனஸ் எண் என்றோ இருந்தால் பதறாதீர்கள். அது எதனுடனும் இணைக்கப்படாத சென்சாராக இருக்கும்.

இனி நான்கு சோதனைகள். ஒவ்வொன்றும் 20 முதல் 30 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் முன் கணினியை ஆறவிடுங்கள். அறை வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

1. சிபியுவுக்கு மட்டும் வேலை கொடுங்கள். ஒரு வீடியோவை கன்வெர்ட் செய்வது போதும். சிப்செட் அதிகம் ஏறக் கூடாது.

2. கேமோ, கிராஃபிக்ஸ் சோதனையோ ஓட்டுங்கள். சிப்செட் இப்போதுதான் தாவி ஏறுகிறது என்றால், சூடு கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து வருகிறது.

3. சிப்செட் வழி ஸ்லாட்டில் இருக்கும் எஸ்எஸ்டிக்குப் பெரிய ஃபைல்களைக் காப்பி செய்யுங்கள். இதில் ஏறினால், சிப்செட்டின் சொந்த உழைப்பும், பக்கத்தில் இருக்கும் எஸ்எஸ்டியின் சூடும் காரணம்.

4. இரண்டாவது சோதனையையே, கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்து, எதிரே ஒரு டேபிள் ஃபேன் வைத்துச் செய்யுங்கள். 10 டிகிரிக்கு மேல் இறங்கினால் பிரச்சினை காற்றோட்டம்தான். வெறும் இரண்டு, மூன்று டிகிரி மட்டும் இறங்கினால், ஹீட்சிங்க் சில்லோடு ஒழுங்காக ஒட்டவில்லை அல்லது சிப்செட் ஃபேன் வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம்.

முக்கியமான கேள்வி ஒன்று. யுஎஸ்பி துண்டிப்பும் டிஸ்க் மாயமும் சூடு ஏறும்போது மட்டும் வருகின்றனவா? காலையில் கணினியை ஆன் செய்தவுடனேயே வந்தால் காரணம் வேறு: கேபிள், பவர் சப்ளை, டிரைவர், பயாஸ். அப்போது சிப்செட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

செலவில்லாமல் என்னென்ன செய்யலாம்?

கணினியை வெளியே எடுங்கள். மேஜையின் மரப்பெட்டிக்குள், சுவரோடு ஒட்டி, யுபிஎஸ் பக்கத்தில் இடித்துக்கொண்டு இருந்தால், முதலில் அதை மாற்றுங்கள். பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். தரையில் நேராக வைக்காமல் சின்ன ஸ்டூல் மேல் வைத்தால் தூசி குறையும்.

தூசியை எடுங்கள். சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். முன்பக்க ஃபில்டரைக் கழற்றிக் கழுவிக் காய வையுங்கள். உள்ளே மென்மையான பிரஷ், கையடக்க ப்ளோயர் போதும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். தரையைச் சுத்தம் செய்யும் வேக்கம் கிளீனரை போர்டு அருகே கொண்டுபோக வேண்டாம், நிலைமின்சாரம் சில்லுகளைப் பதம் பார்க்கும்.

எஸ்எஸ்டியை இடம் மாற்றுங்கள். போர்டின் கையேட்டில் எந்த எம்.2 ஸ்லாட் சிபியுவோடு நேராக இணைந்தது என்று இருக்கும். பெரும்பாலும் சிபியுவுக்கு அருகில் இருக்கும் முதல் ஸ்லாட். அதிகம் உழைக்கும் வேகமான எஸ்எஸ்டியை அங்கே மாட்டினால் சிப்செட்டுக்குப் பாரம் குறையும்.

பயாஸில் இரண்டு இடங்களைப் பாருங்கள். சிப்செட் ஃபேன் உள்ள போர்டு என்றால் அதன் வேகம் 'சைலன்ட்' முறையில் இருக்கிறதா? 'பேலன்ஸ்டு'க்கு மாற்றுங்கள். சில போர்டுகளில் குறிப்பிட்ட சூடு வரும்வரை இந்த ஃபேன் சுற்றாது; அதனால் சும்மா இருக்கும்போது வேகம் பூஜ்யம் என்று காட்டினால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அடுத்தது, சிப்செட் வழி ஸ்லாட்டின் வேகத்தை 4.0-இலிருந்து 3.0-க்குக் குறைப்பது. ஆபீஸ் வேலையிலும் கேமிங்கிலும் இந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் உணரவே மாட்டீர்கள்.

பயாஸ் அப்டேட் செய்வதாக இருந்தால் யுபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம்.

சில நூறு ரூபாயில் என்ன செய்யலாம்?

ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன். சிப்செட் சூட்டுக்குப் பல கணினிகளில் இதுவே முழு மருந்து. முன்பக்கம் கீழே, காற்றை உள்ளே இழுக்கும் திசையில் மாட்டுங்கள். அது தள்ளும் குளிர்ந்த காற்று கிராஃபிக்ஸ் கார்டின் அடியில் நுழைந்து சிப்செட் மேல் தவழ்ந்து போகும். பின்பக்கம் மேலே ஒரு ஃபேன் சூட்டை வெளியே தள்ள வேண்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடிய அழகு கேபினட் வைத்திருப்பவர்களுக்கு எத்தனை ஃபேன் போட்டாலும் பலன் குறைவு, காற்று நுழைய வழியே இல்லையே.

கேபிள்களைப் பின்பக்கம் ஒதுக்கிக் கட்டுங்கள். சிப்செட் முன்னால் தொங்கும் சாட்டா கேபிள் கொத்து காற்றை மறிக்கும்.

சிப்செட் ஃபேனே நின்றுபோயிருந்தால், வாரண்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதே அளவு ஃபேன் தேடி மாற்றலாம். நகரின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டுக்கு இப்போது பொம்மனஹள்ளியிலிருந்து போவது எளிது. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் வழித்தடத்தில் பொம்மனஹள்ளியில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சை வழித்தடத்துக்கு மாறி, கே.ஆர். மார்க்கெட்டிலோ சிக்பேட்டையிலோ இறங்கி நடக்கலாம். போகும்போது பழைய ஃபேனின் அளவு, கனெக்டரின் பின் எண்ணிக்கை, போர்டின் மாடல் மூன்றையும் போட்டோ எடுத்துச் செல்லுங்கள். "போர்டு போயிடுச்சு சார், மாத்திடுங்க" என்று யாராவது சொன்னால், நீங்கள் செய்த நான்கு சோதனைகளின் எண்களைக் காட்டிப் பேசுங்கள்.

ஹீட்சிங்க்கைக் கழற்றலாமா?

நான்காவது சோதனையில் சூடு இறங்கவே இல்லை, வாரண்டியும் முடிந்துவிட்டது என்றால் மட்டும் இதைத் தொடுங்கள். சில்லுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் தெர்மல் பேஸ்ட்டோ, மெத்தென்ற தெர்மல் பேடோ இருக்கும். வருடங்கள் போகப் போக அது காய்ந்து இறுகிவிடும்.

இதற்கு போர்டை முழுதாக வெளியே எடுக்க வேண்டும், ஏனென்றால் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும். ஹீட்சிங்க் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் நெம்பாதீர்கள். ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, மெதுவாகத் திருகி எடுங்கள். பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.

பேஸ்ட் இருந்த இடத்தில் பேஸ்ட், ஒரு அரிசி மணி அளவு. பேடு இருந்த இடத்தில் அதே தடிமன் உள்ள பேடு. அரை மில்லிமீட்டர் மெல்லியதாக வாங்கினால் இடைவெளி விழுந்து சூடு முன்பைவிட ஏறும். தடித்ததாக வாங்கினால் ஸ்க்ரூ இறுக்கும்போது சில்லின் ஓரம் நொறுங்கலாம். ஸ்க்ரூக்களை ஒரே பக்கமாக இறுக்காமல், எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

இவற்றை மட்டும் செய்யாதீர்கள்

- லிக்விட் மெட்டல் வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தும். அதில் உள்ள கேலியம் அலுமினிய ஹீட்சிங்க்கை அரித்துவிடும்.
- பக்கக் கதவை நிரந்தரமாகத் திறந்து வைக்காதீர்கள். சோதனைக்குச் சரி, தினசரி என்றால் தூசி, எறும்பு, பல்லி எல்லாம் குடிவரும்.
- ஐஸ் பேக், ஈரத்துணி, கணினிக்கு நேரே ஏர்கூலர், எதுவும் கூடாது. ஈரம் சூட்டைவிடப் பெரிய எதிரி.
- சிப்செட்டுக்கு இடம் விட கிராஃபிக்ஸ் கார்டைக் கீழ் ஸ்லாட்டுக்கு மாற்றாதீர்கள். பல போர்டுகளில் அந்த ஸ்லாட் சிப்செட் வழியாகத்தான் ஓடும். வேகமும் குறையும், சிப்செட்டின் பாரமும் கூடும்.

வாரண்டி என்ன சொல்கிறது?

இந்தியாவில் விற்கும் பிரபல மதர்போர்டுகளில் பலவற்றுக்கு 3 ஆண்டு வாரண்டி உண்டு. ஹீட்சிங்க்கைக் கழற்றுவது அதைப் பாதிக்கலாம், அதனால் அந்தக் காலம் முடியும்வரை வெளியிலிருந்து செய்யக்கூடியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது ஜிஎஸ்டி பில், சீரியல் எண், வெப்பநிலை ஸ்கிரீன்ஷாட்டுகள் கையில் இருக்கட்டும். அமெரிக்காவிலிருந்து நண்பர் வாங்கிவந்த போர்டு என்றால் இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

வாரண்டி இருந்தும் கடையோ நிறுவனமோ தட்டிக்கழித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பில் இல்லாமல் "கொஞ்சம் கம்மியா போட்டுத் தர்றேன்" என்று சொல்வதைக் கேட்டு வாங்கினால், இந்தக் கதவுகளைத் திறப்பது கடினம்.

புதிதாக அசெம்பிள் செய்யப் போகிறீர்களா?

தேவைக்கு மேல் சிப்செட் வாங்காதீர்கள். ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, இரண்டு எஸ்எஸ்டி என்பதுதான் உங்கள் கணக்கு என்றால், பி வரிசை போர்டு தாராளமாகப் போதும். செகண்ட் ஹேண்டில் எக்ஸ்570 வாங்கினால், கடையிலேயே ஆன் செய்யச் சொல்லி, சிப்செட் ஃபேன் கரகரவென்று சத்தம் போடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். கேபினட் வாங்கும்போது விளக்கை விட்டுவிட்டு முன்பக்கத்தைப் பாருங்கள். வலைபோல் துளைகள் இருந்தால் நல்லது.

சுருக்கமாக, வரிசை இதுதான்: பேக்கப், அளவீடு, இடமாற்றம், தூசி, பயாஸ், ஃபேன். வாரண்டி இருந்தால் அடுத்து சர்வீஸ் சென்டர். முடிந்திருந்தால் பேஸ்ட், பேடு. முதல் ஐந்துக்குச் செலவு அதிகமில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். இவை அத்தனையும் முடித்து, குளிர்ந்த அறையிலும் சிப்செட் 90-ஐத் தொட்டால்தான் போர்டை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும். அதுவரை பர்ஸை உள்ளேயே வையுங்கள்.